இரண்டாவது தோடும் தீர்க்கதரிசியின் பேச்சும்

வணக்கம். இன்றைய கதையை ஒரு ஜோடித் தோட்டிலிருந்து தொடங்கலாம்.

2000 அக்டோபர். அமெரிக்காவின் யூட்டா மாநிலம், சால்ட் லேக் சிட்டி. இயேசுவைப் பின்பற்றும், அமெரிக்காவில் உருவான மார்மன் சபையின் அன்றைய தலைவர் கார்டன் ஹிங்க்லி மேடையில் பேசுகிறார். பச்சை குத்திக்கொள்ள வேண்டாம், உடம்பில் கண்ட இடத்தில் துளை போட வேண்டாம் என்கிறார். பெண்கள் காது குத்திக்கொள்ளலாம், ஆனால் தோடு ஒரு ஜோடிதான். அந்த 'ஒரு ஜோடி'யை இரண்டாம் முறையும் அழுத்திச் சொல்கிறார்.

சில வருடங்கள் கழித்து, டேவிட் பெட்னார் என்ற அப்போஸ்தலர் (சபையில் தலைவருக்கு அடுத்த நிலையில் இருக்கும் மூத்த தலைவர்களில் ஒருவர்) ஒரு சம்பவம் சொன்னார். ஓர் இளைஞனும் ஒரு பெண்ணும் கல்யாண யோசனையோடு பழகுகிறார்கள். அவள் காதில் இரண்டு ஜோடித் தோடு. தலைவரின் பேச்சுக்குப் பிறகும் அவள் இரண்டாவதைக் கழற்றவில்லை. அவன் பொறுத்துப் பார்த்தான். அப்புறம் விலகிவிட்டான். பெட்னார் இதை நல்ல முன்மாதிரியாகத்தான் சொன்னார். இவ்வளவு சின்ன விஷயத்துக்கா என்று சிலருக்குத் தோன்றும் என்பதையும் அவரே ஒப்புக்கொண்டார்.

தோன்றத்தான் செய்தது. கீழ்ப்படிதல் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்றார்கள் ஒரு சாரார். நல்லவேளை, அந்தப் பெண் தப்பித்தாள் என்றார்கள் இன்னொரு சாரார். இரண்டு சாராரும் ஞாயிற்றுக்கிழமை ஒரே பெஞ்சில் உட்காருபவர்கள் என்பதுதான் விசேஷம்.

(காட்சி: மாநாட்டு அரங்கம்)

சரி, ஒரு பேச்சுக்கு ஏன் இத்தனை கனம்? ஏப்ரலிலும் அக்டோபரிலும் இந்தச் சபையின் பொது மாநாடு நடக்கிறது. அரங்கில் சுமார் 21,000 இருக்கைகள். மற்றவர்கள் வீட்டில் இரவு உடையோடு, பட்டை மணக்கும் ரோல்களைச் சாப்பிட்டபடி டிவியில் பார்ப்பார்கள். குழந்தைகள் கையில் பிங்கோ அட்டை. மேடையில் குறிப்பிட்ட சொல் வந்தால் ஒரு கட்டத்தை அடிக்கலாம். பார்க்க ஒரு குடும்ப விடுமுறை மாதிரிதான் இருக்கும்.

ஆனால் பேசுபவர் சாதாரண போதகர் இல்லை. சபைத் தலைவர் அவர்களுக்குத் தீர்க்கதரிசி. 'என் சொந்தக் குரலானாலும் என் ஊழியர்களின் குரலானாலும் ஒன்றே' என்று கடவுள் சொன்னதாக 1831-இல் பதிவான வேதப் பகுதி ஒன்று இருக்கிறது. அதனால் பேச்சு பிடிக்கவில்லை என்றால், படம் பிடிக்கவில்லை என்பதுபோல் எழுந்து போய்விட முடியாது. கேட்டு மறந்துவிடவும் முடியாது. அடுத்த வாரங்களில் உள்ளூர் சபை வகுப்பில் அதே பேச்சுதான் பாடம்.

2010 அக்டோபரில் இந்தக் கனம் நன்றாகத் தெரிந்தது. மூத்த அப்போஸ்தலர் பாய்ட் பேக்கர் பேசினார். சிலர் தங்களுடைய இயல்பிலேயே சில நாட்டங்கள் இருப்பதாக நினைக்கிறார்கள், அது அப்படியல்ல, பரலோகப் பிதா ஒருவருக்கு ஏன் அப்படிச் செய்யப்போகிறார் என்று கேட்டார். தன்பாலின ஈர்ப்பைத்தான் சொல்கிறார் என்று எல்லோருக்கும் புரிந்தது. யாராவது தைரியமாகச் சொன்னார்களே என்று பலருக்கு நிம்மதி. மகனோ மகளோ அப்படி இருக்கும் வீட்டில், தாய் தகப்பன் நிலைமையை நினைத்துப் பாருங்கள். சில நாட்களில் ஆயிரக்கணக்கானோர் சால்ட் லேக் சிட்டியில் சபையின் பெரிய கோவில் இருக்கும் கோவில் சதுக்கத்தைச் சுற்றித் திரண்டு எதிர்ப்புத் தெரிவித்தார்கள்.

அப்புறம் அச்சுப் பிரதி வந்தது. 'நாட்டங்கள்' இருந்த இடத்தில் 'சோதனைகள்' (தவறு செய்யத் தூண்டும் ஆசைகள்) என்று இருந்தது. பிதா ஏன் அப்படிச் செய்யப்போகிறார் என்ற கேள்வியே காணோம். தெளிவுக்காகப் பேச்சாளர்கள் திருத்துவது வழக்கம்தான் என்றது சபை. ஒரு சொல் மாறியதில் என்ன இருக்கிறது என்று வெளியில் இருப்பவர்களுக்குத் தோன்றலாம். உள்ளே இருப்பவர்களுக்கு அந்த ஒரு சொல்தான் மூச்சு விட இடம் கொடுத்தது.

இதற்கு முன்கதையும் உண்டு. 1984-இல் சபையின் மேல்மட்டத் தலைவர்களில் ஒருவரான ரானல்ட் போயல்மன், நற்செய்தி வேறு, சபை அமைப்பு வேறு என்று பேசினார். பிறகு அந்தப் பேச்சைத் திருத்தி, ஆளில்லாத மண்டபத்தில் மறுபடி பேசி வீடியோ எடுத்தார்கள். கூட்டம் இருப்பதுபோல் காட்ட இருமல் சத்தம்கூடச் சேர்த்தார்கள் என்பார்கள்!

முகம் சுளிப்பது எப்போதும் தாராளவாதிகள்தான் என்று நினைத்துவிடாதீர்கள். 2021 ஆகஸ்டில் சபையின் தலைமைக் குழு, தடுப்பூசி போடுங்கள், முகக்கவசம் அணியுங்கள் என்று செய்தி அனுப்பியது. 'தீர்க்கதரிசியைப் பின்பற்று' என்று வாழ்நாளெல்லாம் சொல்லிவந்தவர்களில் சிலர் திடீரென்று, இது அவருடைய சொந்தக் கருத்து, கடவுள் தந்த வெளிப்பாடு இல்லை என்று வாதாடினார்கள். தாராளவாதிகள் பல வருடங்களாகச் சொல்லிவந்த அதே வாதம், வரி மாறாமல்!

2018 அக்டோபர் மாநாடு இன்னும் வேடிக்கை. சனிக்கிழமை அன்று, ஞாயிற்றுக்கிழமை ஆராதனை மூன்று மணி நேரத்திலிருந்து இரண்டாகக் குறைகிறது என்று அறிவித்தார்கள். பெற்றோர் முகத்தில் சந்தோஷம் தாங்கவில்லை. மறுநாள் அன்றைய தலைவர் ரஸல் நெல்சன், 'மார்மன்' என்ற பட்டப்பெயரை விட்டுவிடுங்கள், சபையின் பெயரிலிருந்து இயேசுவை எடுத்துவிடுவது சாத்தானுக்குப் பெரிய வெற்றி என்றார். சில வருடங்களுக்கு முன்னால்தான் 'நான் ஒரு மார்மன்' என்று அதே சபை பெரிய விளம்பரம் செய்திருந்தது. அதில் முகம் காட்டிய உறுப்பினர் என்ன நினைத்திருப்பார்? (இந்த வீடியோவில் நானும் அந்தச் சொல்லைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். 'பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை' என்று ஒவ்வொரு தடவையும் சொன்னால் வீடியோ இரண்டு மணி நேரம் ஓடும்.)

(காட்சி: பழைய பத்திரிகைப் பக்கம்)

1945-இல் சபைப் பத்திரிகை ஒன்றில் வந்த வாசகம்: 'நம் தலைவர்கள் பேசிவிட்டால், யோசனை முடிந்துவிட்டது.' வேறொரு சபையின் போதகர் கவலைப்பட்டு எழுத, அன்றைய தலைவர் ஜார்ஜ் ஆல்பர்ட் ஸ்மித் இது சபையின் நிலைப்பாடு அல்ல என்று பதில் போட்டார். ஆனால் வாசகம் வந்தது பத்திரிகையில், மறுப்பு போனது தனிக் கடிதத்தில். எது அதிகம் பேரிடம் சேர்ந்திருக்கும்?

1954-இல் தலைமைக் குழுவில் இருந்த ரூபன் கிளார்க் இன்னொரு வழி காட்டினார். பேசுபவர் பரிசுத்த ஆவியால் ஏவப்பட்டுத்தான் பேசினாரா என்பதை, கேட்பவர் தானும் அதே ஆவியால் ஏவப்படும்போதுதான் அறிவார் என்றார். கிட்டத்தட்ட ஒரு பின்வாசல். இருதரப்பும் இன்றுவரை அதைப் பயன்படுத்துகிறார்கள்.

பின்வாசலும் பிடிக்காதவர்களுக்கு அலமாரி இருக்கிறது. ஏற்கவும் முடியாது, மறுக்கவும் மனம் வராது என்ற பேச்சை 'அலமாரியில் வைத்துவிட்டேன்' என்பார்கள். சபையை விட்டுப் போனவர்கள் 'என் அலமாரி உடைந்துவிட்டது' என்பார்கள். வகுப்பில் பாடம் நடக்கும்போது வாயைத் திறக்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருப்பவர் பெரும்பாலும் எதையோ அலமாரியில் ஏற்றிக்கொண்டிருக்கிறார்.

அந்தத் தோடு என்ன ஆயிற்று என்கிறீர்களா? 2022 அக்டோபரில் இளைஞர்களுக்கான கையேட்டைச் சபை புதிதாக வெளியிட்டது. உன் உடல் புனிதமானது, அதை மனதில் வைத்து நீயே முடிவெடு என்கிறது. எத்தனை ஜோடி என்ற கணக்கு அதில் இல்லை.