பனிமலைச் செடிக்கு ஒரு குடை

(மயிலாப்பூரில் மாடித்தோட்ட அன்பர்கள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம். வழக்கமாக இங்கே மாவுப்பூச்சியைப் பற்றித்தான் பேசுவோம். இன்று ஸ்காட்லாந்துக்குப் போகலாம். எடின்பரோவில் இருக்கும் மகளைப் பார்க்கப் போன இடத்தில், அங்குள்ள தாவரவியல் பூங்காவில் நான்கு நாள் பழியாகக் கிடந்தேன். 1670-இல் தொடங்கிய பூங்கா. உள்ளே போகக் கட்டணம் இல்லை என்பதும் ஒரு காரணம்.

அங்கே மலைச்சரிவு மாதிரி கல் அடுக்கி, இடுக்குகளில் உயர்மலைச் செடிகளை நட்டிருக்கிறார்கள். உயர்மலை என்றால் கொடைக்கானல் இல்லை. குளிர் தாங்காமல் மரங்களே நின்றுபோகும் எல்லைக்கும் மேலே. ஆல்ப்ஸில் அந்த எல்லை ஏறக்குறைய 2,000 மீட்டரில் வந்துவிடுகிறது. நம் ஐந்திணையில் அதற்கு இடமே இல்லை.

முதல் நாள் எனக்குச் சப்பென்றுதான் இருந்தது. பாறையில் பச்சை இட்லியை ஒட்டிவைத்த மாதிரி ஏதோ இருந்தது. குனிந்து பார்த்தால், அந்த இட்லி முழுக்க ஒரே செடி! நூற்றுக்கணக்கான குட்டித் தண்டுகள் நெருக்கியடித்து நிற்கின்றன. காற்று உள்ளே புகாது. வெயிலில் வாங்கிய சூடு வெளியே போகாது. சைலீன் அகாலிஸ் என்று இந்த வகையில் ஒன்று, 300 ஆண்டுக்கு மேலும் வாழும். மதுரையில் நாயக்கர் ஆட்சி நடந்தபோது முளைத்த செடி இன்றைக்கும் நாலு விரல் உயரத்தில் பூத்துக்கொண்டிருக்கும்.

அப்புறம்தான் அந்தக் கண்ணாடிக் கூரையைப் பார்த்தேன். டூஃபா என்கிற, பஞ்சு மாதிரி துளை நிறைந்த சுண்ணாம்புக் கல்லில் செடிகள். தலைக்கு மேலே கண்ணாடி. காற்று மட்டும் தாராளமாக வந்துபோகிறது. "குளிருக்காகவா?" என்று தோட்டக்காரரிடம் கேட்டேன். சிரித்துவிட்டார். மழைக்காகவாம்.

பனிமலையில் குளிர்காலம் முழுக்கச் செடிமேல் பனி மூடிக்கிடக்கும். கம்பளி போர்த்திய மாதிரி. மேலே காற்று எவ்வளவு உறைந்தாலும், ஆழமான பனிக்கு அடியில் பூஜ்ஜியத்தை ஒட்டியே இருக்கும், ஈரமும் சொட்டாது. கீழே சமவெளிக்குக் கொண்டுவந்தால் கம்பளி போய்விடுகிறது, மழை வந்துவிடுகிறது. குருத்தில் தண்ணீர் தேங்கி அழுகிவிடும். ஆக, அது சாவது குளிரில் இல்லை, ஈரத்தில். கோடைச் சூடும் ஆகாது. லண்டனில் கியூ பூங்காவில் 2006-இல் இதற்கென்றே ஒரு கண்ணாடி வீடு திறந்தார்கள். 10 மீட்டர் உயரம். சூடான காற்று உச்சி வழியே வெளியேறும். தரைக்கடியில் சுற்றிவந்து குளிர்ந்த காற்று செடிகளின் மேல் வீசும். ஏசியை நம்பவில்லை.

சரி, ஊட்டியில் வளருமா என்று கேட்பீர்கள். தொட்டபெட்டா 2,637 மீட்டர், ஆல்ப்ஸின் மர எல்லையைவிட உயரம். ஆனால் நாம் வெப்பமண்டலம். அந்த உயரத்திலும் காட்டுப்பூவரசு மரமாக நின்று சிவப்பாகப் பூக்கிறது. உறைபனி விழும், போர்த்திக்கொள்ளப் பனிக்கம்பளி கிடையாது. தென்மேற்குப் பருவமழை வேறு. எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை.

இதையெல்லாம் சென்னையில் ஏன் சொல்கிறேன் என்றால், அடினியம் என்கிற என் பாலைவன ரோஜாச் செடியால்தான். மே மாத வெயிலில் மொட்டை மாடி கொதிக்கும்போது அசராமல் பூத்தது. ஐப்பசி அடைமழையில் பத்தே நாளில் அடித்தண்டு கொழகொழவென்று ஆகிவிட்டது. வெயிலுக்குப் பயந்து நிழல்வலை கட்டியிருந்தேன். மழைக்கு ஒன்றும் செய்யவில்லை. பாலைவனச் செடிக்கும் பனிமலைச் செடிக்கும் ஒரே எமன். எடின்பரோவில் அந்தக் கண்ணாடிக்குக் கீழே நின்றபோதுதான் உறைத்தது.

இப்போது என் மண்கலவையில் பாதிக்கு மேல் சின்ன ஜல்லியும் பருமணலும்தான். தேங்காய் நார்த்தூளைக் குறைத்துவிட்டேன். மேலாகவும் ஒரு விரல்கடை ஜல்லி பரப்புகிறேன், அங்கே பார்த்த மாதிரியே. தண்டின் கழுத்து காய்ந்தே இருக்கும். மழை தொடங்கினால் தொட்டியைச் சன்ஷேடுக்கு அடியில் நகர்த்திவிடுவேன்.

வெளியே தூறல் சத்தம் கேட்கிறதே? இரண்டு தொட்டி இன்னும் மாடியில் திறந்தவெளியில்தான் இருக்கின்றன. கேள்விகளை அடுத்த கூட்டத்தில் வைத்துக்கொள்வோமா?