சாரலை இழந்த தேரை

[காட்சி: செங்குத்தான பள்ளத்தாக்கு, அருவியிலிருந்து எழும் சாரல் காற்றில் அலைகிறது.]

கிழக்கு ஆப்பிரிக்க நாடான தான்சானியாவில், உட்சுங்குவா மலைச்சரிவில், கிஹான்சி என்னும் ஆறு ஆழ்ந்த பள்ளத்தாக்கு ஒன்றில் அருவியாக விழுகிறது. அந்த அருவியின் சாரல் ஆண்டு முழுவதும் ஓயாமல் நனைத்ததால், பாறைச் சரிவில் ஏறத்தாழ 2 ஹெக்டேர், அதாவது 5 ஏக்கர் பரப்பில், பாசியும் செடிகொடிகளும் அடர்ந்த ஈரநிலம் உருவாகியிருந்தது. உலகில் வேறெங்கும் இல்லாத ஒரு சின்னஞ்சிறு மஞ்சள் தேரை அந்த 5 ஏக்கரில் மட்டுமே வாழ்ந்துவந்தது. அது அறிவியலாளர்களின் கண்ணில் பட்டது 1996-இல்தான். அப்போதே ஆற்றின் மேற்பகுதியில் மின் உற்பத்திக்கான அணை எழுந்துகொண்டிருந்தது.

[காட்சி: விரல் நகத்தின் மேல் அமர்ந்திருக்கும் தேரைக் குஞ்சு.]

நன்கு வளர்ந்த பெண் தேரையே 3 சென்டிமீட்டரைத் தாண்டுவதில்லை. பெரும்பாலான தவளைகளும் தேரைகளும் நீரில் முட்டையிட, அவற்றிலிருந்து தலைப்பிரட்டைகள் வெளிவருகின்றன. கிஹான்சித் தேரையோ முட்டைகளைத் தன் உடலுக்குள்ளேயே காத்து, அரை சென்டிமீட்டர் நீளமுள்ள, கைகால்கள் முழுமையாக அமைந்த குஞ்சுகளை ஈனுகிறது. குளமும் குட்டையும் வேண்டாத இந்த உயிர் நம்பியிருந்தது அந்த ஓயாத சாரலை மட்டுமே.

180 மெகாவாட் திறன் கொண்ட மின் நிலையம் 2000-இல் முழுமையாக இயங்கத் தொடங்கியபோது, அருவிக்கு வந்துகொண்டிருந்த நீரில் ஏறத்தாழ 90 சதவீதம் சுரங்கப்பாதை வழியாகத் திருப்பிவிடப்பட்டது. சாரல் நின்றது, ஈரநிலம் காயத் தொடங்கியது. மின்சாரம் தான்சானியாவுக்கு இன்றியமையாதது என்பதில் ஐயமில்லை. ஆனால், அந்தப் பள்ளத்தாக்கில் என்னென்ன உயிர்கள் வாழ்கின்றன என்று முழுமையாகப் பார்க்கும் வேலை, அணையின் வேலை தொடங்கிய பிறகே நடந்தது என்பதை எண்ணும்போது மனம் வருந்துகிறது.

அந்த ஆண்டின் இறுதியில், தான்சானிய அரசின் இசைவுடன் 499 தேரைகள் பிடிக்கப்பட்டு, அமெரிக்க உயிரியல் பூங்காக்களுக்கு விமானத்தில் கொண்டுசெல்லப்பட்டன. காட்டில் ஓர் இனம் அழிந்தாலும் முற்றாக அற்றுப்போகாதபடி, அதன் ஒரு பகுதியைப் பாதுகாப்பான இடத்தில் வளர்த்து வைப்பதையே மீட்பு வளர்ப்பு என்கிறோம். கேட்பதற்கு எளிதாக இருக்கும் இந்த வேலை நடைமுறையில் எவ்வளவு கடினமானது என்பது விரைவிலேயே தெரிந்தது. தேரைகள் தொற்றுநோயாலும், நுரையீரல் புழுக்களாலும், சத்துக் குறைவாலும் ஒவ்வொன்றாக மடிந்தன. ஒரு கட்டத்தில் எஞ்சியவை நூற்றுக்கும் குறைவு. அரை சென்டிமீட்டர் குஞ்சின் வாய்க்குள் நுழையக்கூடிய அளவுள்ள பூச்சிகளை நாள்தோறும் வளர்த்துத் தர வேண்டும். புற ஊதா ஒளியும் சாரலும் அளவோடு கிடைக்க வேண்டும். இவற்றையெல்லாம் பிழைகளின் வழியாகவே கற்றுக்கொண்ட நியூயார்க்கின் பிராங்க்ஸ் பூங்காவும், ஓஹையோ மாநிலத்தின் டொலீடோ பூங்காவும் அந்தச் சில பத்துத் தேரைகளைப் பல்லாயிரமாகப் பெருக்கின.

[காட்சி: பள்ளத்தாக்கில் நீரைத் தூவும் குழாய்கள்.]

இதற்கிடையே கிஹான்சியில் நடந்ததுதான் இந்தக் கதையின் மிகவும் வேதனையான பகுதி. இழந்த சாரலுக்கு ஈடாக, நீரை நுண்துளிகளாகத் தூவும் குழாய்கள் ஈரநிலத்தின் மேல் அமைக்கப்பட்டன. தேரைகளும் மீண்டும் பெருகின. 2003 ஜூன் மாதக் கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 20,000 தேரைகள் அங்கே இருந்தன. ஆனால், அடுத்த சில மாதங்களிலேயே அவை ஏறக்குறைய முழுவதுமாக மறைந்தன. 2004 தொடக்கத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலவே தென்பட்டன. இறந்த தேரைகளின் உடலில் கைட்ரிட் என்னும் பூஞ்சை கண்டறியப்பட்டது. நீர்நில வாழ்விகள் நீரையும் உப்புகளையும் தோல் வழியாகவும் உள்வாங்குகின்றன. அந்தத் தோலில் இப்பூஞ்சை பரவும்போது உடலின் உப்புச் சமநிலை குலைந்து, இறுதியில் இதயம் நின்றுவிடுகிறது. வளர்ப்பிடத்தில் இருக்கும் தவளைக்கு மருந்து கொடுத்து இதைக் குணப்படுத்தலாம். ஒரு மலை ஓடையிலிருந்து அதை அகற்றும் வழி இன்றுவரை இல்லை. இதே பூஞ்சைக்கு அஞ்சித்தான் 2006-இல் பனாமா நாட்டின் எல் வாயே ஊரில், மீட்பு நிலையம் கட்டி முடிக்கப்படும் முன்பே, தவளைகளை ஒரு விடுதியின் அறைகளில் தங்கவைத்துக் காப்பாற்றினார்கள்.

2009-இல் கிஹான்சித் தேரை, காட்டில் அற்றுப்போன இனமாக அறிவிக்கப்பட்டது. அமெரிக்கக் கண்ணாடித் தொட்டிகளில் அதன் வழித்தோன்றல்கள் உயிரோடு இருந்ததால் மட்டுமே அடுத்த கட்டத்தைப் பற்றி நம்மால் பேச முடிகிறது. 2010-இல் 100 தேரைகள் தான்சானியாவின் தார் எஸ் சலாம் பல்கலைக்கழகத்தில் அவற்றுக்கென அமைக்கப்பட்ட வளர்ப்பகத்துக்குத் திரும்பின. பின்னர், பள்ளத்தாக்கின் சூழலை அவை தாங்குகின்றனவா என்று கூண்டுகளில் வைத்துச் சோதித்த பிறகு, 2012 டிசம்பரில் 2,000-க்கும் மேற்பட்ட தேரைகள் கிஹான்சியில் விடப்பட்டன. காட்டில் அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்ட ஒரு நீர்நில வாழ்வி தன் சொந்த வாழிடத்துக்குத் திரும்பியது அதுவே முதல் முறை.

[காட்சி: ஈரமான இலையின் மேல் ஒரு மஞ்சள் தேரை.]

இருப்பினும், பூஞ்சை அந்தப் பள்ளத்தாக்கை விட்டு முற்றிலும் நீங்கிவிடவில்லை. அருவியும் தன் பழைய வலிமைக்குத் திரும்பவில்லை. ஆகவேதான், தேரைகளைக் காட்டில் விட்ட பிறகும் பூங்காக்கள் தங்கள் தொட்டிகளைக் காலி செய்யவில்லை. கிஹான்சியில் அந்தக் குழாய்கள் இன்றும் சாரலைத் தூவ வேண்டியிருக்கிறது. அவற்றின் நுண்துளைகள் அடைபடாமல் யாரேனும் பார்த்துக்கொள்ளவும் வேண்டியிருக்கிறது.