வெளிநாட்டு ஆயுதக் குழுவில் சேர்ந்தவர் மீது இங்கே வழக்கு எப்படி நடக்கும்?

(திரையில்: மீனம்பாக்கம் விமான நிலையம், குடியேற்றப் பிரிவு கவுண்டர்)

வணக்கம். 2015 ஏப்ரலில் ஒருவர் சென்னையிலிருந்து இஸ்தான்புல்லுக்கு விமானம் ஏறினார். அங்கிருந்து இராக்கின் மோசுல் நகருக்குப் போய் ஐ.எஸ். அமைப்பில் சேர்ந்தார். அதே ஆண்டு செப்டம்பரில் ஊர் திரும்பினார். 2016 அக்டோபரில் கைதானார். 2020 செப்டம்பரில் கொச்சியில் உள்ள என்.ஐ.ஏ. (தேசியப் புலனாய்வு முகமை) சிறப்பு நீதிமன்றம் அவருக்கு ஆயுள் தண்டனை விதித்தது.

குற்றம் நடந்தது மோசுலில். தீர்ப்பு வந்தது கொச்சியில். இடையில் என்ன நடக்கிறது? தமிழ்நாட்டில் இதேபோல ஒரு வழக்கு வந்தால் பூந்தமல்லி சிறப்பு நீதிமன்றத்துக்குத்தான் போகும். அங்கே எது வழக்கை நிற்க வைக்கும், எது கவிழ்க்கும்?

(திரையில்: சட்டப் பிரிவுகள்)

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடுவோம். இந்தியக் குடிமகன் உலகத்தில் எங்கே குற்றம் செய்தாலும் இந்தியச் சட்டம் அவரைத் தொடும். உபா எனப்படும் சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்தின் 1-வது பிரிவே அதைச் சொல்கிறது. 15-வது பிரிவு, "இந்தியாவிலோ வேறு எந்த நாட்டிலோ" உள்ள மக்களை அச்சுறுத்தும் நோக்கில் செய்வதையும் பயங்கரவாதச் செயல் என்கிறது.

ஐ.நா. பாதுகாப்புச் சபை 2014-ல் 2178-வது தீர்மானத்தைக் கொண்டுவந்தது. இப்படிப்பட்ட பயணத்தையே குற்றமாக்குங்கள் என்று எல்லா நாடுகளையும் கேட்டது. உபாவில் பயணத்துக்கென்று தனிப் பிரிவு கிடையாது. அதனால் 18-வது பிரிவில் உள்ள சதி, முயற்சி, ஆயத்தச் செயல் ஆகியவற்றுக்குள் பயணத்தைக் கொண்டுவருகிறார்கள். தண்டனை 5 ஆண்டு முதல் ஆயுள் வரை. உறுப்பினராக இருந்ததற்கு 20-வது பிரிவு, ஆயுள் வரை. 38-வது பிரிவில் 10 ஆண்டு வரை. 38-க்கு ஒரு நிபந்தனை உண்டு: அமைப்பின் செயல்பாட்டை வளர்க்கும் நோக்கம் இருந்ததை அரசுத் தரப்பு காட்ட வேண்டும். புத்தகமும் துண்டறிக்கையும் வைத்திருந்தது மட்டும் போதாது என்று 2021-ல் தாஹா ஃபசல் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது.

அடுத்தது பலரும் கவனிக்காத ஓர் ஓட்டை. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 125-வது பிரிவு, இந்தியாவோடு சமாதானமாக இருக்கும் "ஆசிய" அரசின் மீது போர் தொடுப்பதை மட்டுமே குற்றமாக்கியது. இராக், சிரியா ஆசியாவில் இருப்பதால் அங்கே போனவர்கள் மீது அது பாய்ந்தது. ஒருவர் லிபியாவுக்கோ சோமாலியாவுக்கோ போயிருந்தால் அந்தப் பிரிவு செல்லாது. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 153-வது பிரிவு "எந்த வெளிநாட்டு அரசும்" என்று மாற்றி எழுதியிருக்கிறது. ஆனால் அந்தத் தேதிக்கு முன் நடந்த செயலுக்குப் பழைய பிரிவுதான் பொருந்தும். குற்றப்பத்திரிகையில் இதை மாற்றிப் போட்டால் அந்தக் குற்றச்சாட்டு விழுந்துவிடும்.

(திரையில்: மூன்று அனுமதி உத்தரவுகள்)

இப்போது, வழக்கை நீதிமன்றம் ஏற்க அரசு தர வேண்டிய அனுமதி. ஒன்றல்ல, மூன்று. உபா குற்றங்களுக்கு அந்தச் சட்டத்தின் 45-வது பிரிவில் ஒன்று. போர் தொடுத்த குற்றத்துக்கு, புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 217-ல் ஒன்று. நாட்டுக்கு வெளியே நடந்த குற்றம் என்பதால் அதன் 208-ல் மத்திய அரசிடம் இன்னொன்று. சதி சென்னையில் தொடங்கியிருந்தால் 208 தேவையில்லை என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் சர்தாஜ் கான் வழக்கில் கூறியது. அதை நம்பி விட்டுவிடுவது விவேகமல்ல என்பது எங்கள் கருத்து. சதி இங்கே நடந்தது நிரூபணமாகாமல் போனால், அனுமதியும் இல்லை, வழக்கும் இல்லை.

45-வது பிரிவுக்குக் கெடு உண்டு. ஆதாரத்தை ஆராயும் அதிகாரிக்கு 7 வேலை நாள், பிறகு அரசுக்கு 7 வேலை நாள். இந்தக் கெடு கட்டாயமானது என்று 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

(திரையில்: கைப்பேசி, பறிமுதல் மகஜர்)

ஆதாரம் எங்கிருந்து வரும்? போலீஸ் முன்னால் கொடுத்த வாக்குமூலம் உபாவிலும் செல்லாது. பழைய பயங்கரவாதத் தடுப்புச் சட்டமான பொடாவில் இருந்த அந்த வசதி இதில் இல்லை. குற்றவியல் நடுவர் முன் சுரக்ஷா சன்ஹிதாவின் 183-வது பிரிவில் கொடுத்தால்தான் மதிப்பு. ஆகவே வழக்கு நிற்பது குடியேற்றப் பதிவு, டிக்கெட், வங்கிக் கணக்கு, எல்லாவற்றுக்கும் மேலாகக் கைப்பேசியில்.

கைப்பேசியை எடுக்கும்போதே வீடியோ பதிவு செய்ய வேண்டும். மகஜரில் ஐ.எம்.இ.ஐ. எண் எழுத வேண்டும். நகலெடுத்தவுடன் ஹாஷ் மதிப்பை, அதாவது கோப்பின் டிஜிட்டல் கைரேகையைக் குறிக்க வேண்டும். கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் அந்த மதிப்பு முழுவதுமாக மாறிவிடும், அதனால்தான் அதற்கு இவ்வளவு முக்கியத்துவம். பிறகு புதிய சாட்சியச் சட்டமான சாக்ஷிய அதிநியமத்தின் 63-வது பிரிவுச் சான்றிதழ். அதில் 'அ' பகுதியை ஆவணத்தைத் தருபவரும் 'ஆ' பகுதியை நிபுணரும் கையெழுத்திட வேண்டும். நிபுணர் கையெழுத்து விடுபட்டால், ஆயிரம் பக்க உரையாடலைக் கொண்டு வந்தாலும் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதல் நாளே எழுந்து ஆட்சேபிப்பார். வெளிநாட்டு நிறுவனத்திடமிருந்து கணக்கு விவரம் வேண்டுமென்றால் சுரக்ஷா சன்ஹிதாவின் 112-வது பிரிவில் கோரிக்கைக் கடிதம் அனுப்பலாம். பதில் வர மாதக்கணக்கில் ஆகும். கைதுக்கு முன்பே அனுப்பாவிட்டால் நாள் போதாது.

(திரையில்: நாட்காட்டி)

ஏன் போதாது? எண்ணிப் பாருங்கள். மார்ச் 1-ல் ரிமாண்ட் என்றால் அதுவே முதல் நாள். மே 29, 90-வது நாள்; குற்றப்பத்திரிகைக்கான முதல் கெடு அன்றோடு முடிகிறது. அதற்குள் விசாரணையின் நிலையையும் காவல் ஏன் தொடர வேண்டும் என்பதையும் சொல்லி அரசு வழக்கறிஞர் அறிக்கை தாக்கல் செய்து, குற்றம்சாட்டப்பட்டவர் முன்னிலையில் 180 நாளாக நீட்டிப்பு வாங்க வேண்டும். 180-வது நாள் ஆகஸ்ட் 27. அன்று குற்றப்பத்திரிகை வரவில்லை என்றால், 28 காலை மனு போட்டவருக்கு ஜாமீன் உரிமையாகிவிடும், எவ்வளவு பெரிய குற்றமாக இருந்தாலும்.

குற்றப்பத்திரிகை வந்துவிட்டால் கதை தலைகீழ். உபாவின் 43டி(5) பிரிவு ஜாமீனை ஏறக்குறைய அடைத்துவிடுகிறது. மும்பை அருகே கல்யாணிலிருந்து 2014 மே மாதம் இராக் போய், நவம்பரில் திரும்பிக் கைதான இளைஞருக்கு 2020 மார்ச்சில்தான் சிறப்பு நீதிமன்றம் ஜாமீன் கொடுத்தது. 2021 பிப்ரவரியில்தான் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. தீர்ப்பே வராமல் ஒருவர் ஆறு ஆண்டுக்கு மேல் உள்ளே இருப்பது நியாயமல்ல. விசாரணை முடியாமல் நீண்டால் 43டி(5) இருந்தாலும் ஜாமீன் தரலாம் என்று 2021-ல் நஜீப் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதற்குக் காரணமும் இதுதான்.

(திரையில்: வீட்டு வாசல்)

வீட்டில் இருப்பவர்களுக்குச் சில விஷயங்கள். பிறப்பால் இந்தியரான ஒருவரின் குடியுரிமையை அரசு பறிக்க முடியாது. பாஸ்போர்ட்டை முடக்கலாம், அவ்வளவுதான். ரஷ்ய ராணுவத்துக்கு ஏமாற்றி அனுப்பப்பட்டவர்கள் நிலை வேறு. அந்த விவகாரத்தில் 2024-ல் சி.பி.ஐ. ஏஜெண்டுகள் மீது ஆட்கடத்தல் வழக்குப் போட்டது.

பெண்களையும் 60 வயது கடந்தவர்களையும் சாட்சி விசாரணைக்கு வீட்டுக்கு வந்துதான் விசாரிக்க வேண்டும், ஸ்டேஷனுக்குக் கூப்பிட முடியாது. பணம் அனுப்புவது ஆபத்து. அது எங்கே போகும் என்று தெரிந்தே அனுப்பினால் உபாவின் 17-வது பிரிவு வரும். திரும்பி வந்தவரைப் பயங்கரவாதி என்று தெரிந்தும் வீட்டில் மறைத்து வைத்தால் 19-வது பிரிவு, 3 ஆண்டு முதல் ஆயுள் வரை. கணவனை மறைத்த மனைவிக்கு இதில் விலக்கு உண்டு. மகனை மறைத்த அம்மாவுக்கு இல்லை.

வக்கீல் வைக்க வசதியில்லை என்று பதுங்கியிருக்க வேண்டாம். பெண்களுக்கும் காவலில் உள்ளவர்களுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. சென்னையில் உயர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாநில சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம். தொலைபேசி எண் 15100.