பரிசோதனைக்கு முந்தைய மூன்று நாட்கள்

நேயர்களுக்கு வணக்கம். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ சர்க்கரை நோய் உள்ள ஒருவரேனும் இருப்பார். இரத்தப் பரிசோதனைக்கு மூன்று நாட்கள் இருக்கும்போது அவர் சோற்றைக் குறைத்து, காபியில் சர்க்கரையை நிறுத்தி, வழக்கமில்லாத வழக்கமாக விடியற்காலையில் நடக்கக் கிளம்புவதையும் பார்த்திருப்பீர்கள். உளவியல் ஆலோசகரான எனக்கு அந்த மூன்று நாட்களைப் பற்றிப் பேசி அலுப்பதில்லை. அந்த விரதம் நோய்க்காக இருப்பதன்று. மருத்துவரிடம் திட்டு வாங்காமல் இருப்பதற்காக இருப்பது.

ஓய்வுபெற்ற கணித ஆசிரியை ஒருவர் என்னிடம் வந்தார். "காலமெல்லாம் பிள்ளைகளுக்கு மதிப்பெண் போட்டவள் நான். இப்போது எனக்கு மதிப்பெண் போடுகிறார்கள், ஒவ்வொரு முறையும் தோற்றுப் போகிறேன்" என்றார். மூன்று நாள் விரதம் வெறும் வயிற்றுச் சர்க்கரையைச் சற்று இறக்கிக் காட்டும். ஆனால், ஏறத்தாழ மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் ஹெச்பிஏ1சி பரிசோதனை அதற்கு மசியாது. அதில் அகப்பட்டுக்கொண்ட வெட்கத்தில், எட்டு மாதங்களாக அவர் பரிசோதனைக்கே போகவில்லை.

நான் அவரிடம் "கவலைப்படாதீர்கள்" என்று சொல்லவில்லை. அதைச் சொல்லத்தான் ஊரே இருக்கிறதே! மனச்சோர்வுக்காக 1960களில் மனநல மருத்துவர் ஆரன் பெக் அமெரிக்காவில் உருவாக்கிய சிந்தனை-நடத்தைச் சிகிச்சையின் எளிய பயிற்சி ஒன்றைக் கொடுத்தேன். என்ன நடந்தது, அப்போது மனத்தில் என்ன ஓடியது, அடுத்து என்ன செய்தேன் என்று மூன்று பத்திகளாக எழுத வேண்டும், அவ்வளவுதான். மூன்றாம் வாரம் அவர் கொண்டுவந்த நோட்டில் இப்படி இருந்தது: திருமண விருந்தில் ஒரு ஜாங்கிரி, "எல்லாம் கெட்டுவிட்டது" என்ற எண்ணம், அன்றிரவும் இனிப்பு, மறுநாள் மாத்திரையும் போடவில்லை. மாத்திரையைத் தடுத்தது ஜாங்கிரி அன்று, நடுவிலிருந்த அந்த எண்ணம். மறுபடியும் சொல்கிறேன், ஜாங்கிரி அன்று.

"ஒரு கணக்குத் தவறினால் முழு விடைத்தாளுக்கும் சுழியம் போடுவீர்களா?" என்று கேட்டேன். சிரித்துவிட்டார். அடுத்த மாதம் அந்த மூன்று நாள் விரதமில்லாமல் பரிசோதனைக்குப் போனார். வெறும் வயிற்றுச் சர்க்கரை முன்னைவிடக் கூடுதலாகத்தான் வந்தது. ஆயினும் அது உண்மையான அளவு என்பதால், அதை வைத்து மருத்துவரால் மாத்திரையை மாற்றியமைக்க முடிந்தது.

ஆலோசனைக்குப் போனால் மனநோய் என்று பெயர் வந்துவிடுமோ என்று தயங்குவோர் உண்டு. நோயோடு மல்லுக்கட்டும் அன்றாட அலுப்பு வேறு, மனச்சோர்வு வேறு. இந்த அலுப்பை அளக்கவே உளவியலாளர் வில்லியம் பொலான்ஸ்கியும் உடன் பணியாற்றியவர்களும் 1995இல் 20 கேள்விகள் கொண்ட வினாப் பட்டியல் ஒன்றை வெளியிட்டார்கள். கட்டுப்பாடு தவறும்போது எழும் குற்ற உணர்வும் அதில் ஒரு கேள்வி. ஆசிரியை அதைப் படித்துவிட்டு, "இதை எனக்காகவே எழுதினார்களா?" என்றார்.

வாரம் மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொள்பவர்களைப் பற்றியும், தீராத முதுகுவலிக்காரர்களைப் பற்றியும் பேச எண்ணியிருந்தேன். நேரமாயிற்று என்று கண்ணாடிக்கு அப்பாலிருந்து கை காட்டுகிறார்கள். ஆகவே வீட்டாருக்கு ஒன்று மட்டும்: சாப்பிடுகிறவரின் தட்டைக் கண்காணிப்பதை விட்டுவிட்டு, பரிசோதனைக்குத் துணையாகப் போங்கள். ஆலோசகரை எங்கே தேடுவது என்று தெரியாதவர்கள் அரசின் தொலைபேசி மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் எண் 14416ஐ எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். மீண்டும் சொல்கிறேன், 14416. வணக்கம்.