அட்டையில் எழுதிய தேதி

வணக்கம், நேயர்களே.

பினாங்கு ஆயர் ஈத்தாமிலிருந்து வந்திருக்கிறேன். ஆறு ஆண்டுகளுக்கு முன் எனக்கு மார்பகப் புற்றுநோய். அறுவை சிகிச்சை, கீமோ, கதிர்வீச்சு எல்லாம் முடிந்தது. "அதான் குணமாயிடுச்சே, இன்னும் என்ன கவலை?" என்று அன்பாகத்தான் கேட்கிறார்கள். அதற்குப் பதில் சொல்லத்தான் வந்தேன்.

சிகிச்சை நடந்தபோது அழ நேரமில்லை. மூன்று வாரத்துக்கு ஒரு கீமோ, அப்புறம் திங்கள் முதல் வெள்ளி வரை கதிர்வீச்சு. மிஸ்ஸிகள், அதாவது தாதியர், பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள், சாப்பிட்டாயா என்று கேட்பார்கள். கடைசி நாள் "மூன்று மாதம் கழித்து வாங்க" என்று ஒரு அட்டையில் தேதி எழுதிக் கொடுத்தார்கள். பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்து அன்றைக்குத்தான் அழுதேன். இனி யார் என்னைப் பார்த்துக்கொள்வார்கள்? பலருக்கும் சிகிச்சை முடிந்த பிறகுதான் மனம் தளர்கிறது. முதுகு வலித்தால் எலும்புக்குப் போய்விட்டதோ, தலை வலித்தால் மூளைக்கோ என்று நினைப்பு ஓடும்.

புற்றுநோய் திரும்ப வராமல் இருக்க எனக்குத் தமோக்சிஃபென் என்ற மாத்திரை கொடுத்தார்கள். தினமும் எடுக்க வேண்டும், ஐந்து ஆண்டு, சிலருக்குப் பத்து. இரவில் திடீரென்று உடம்பு கொதித்து வேர்க்கும். தூக்கம் போனால் மனம் எப்படி நிற்கும்? ஒன்று முக்கியம்: மனச்சோர்வுக்குத் தரும் மாத்திரைகளில் சில, தமோக்சிஃபெனின் வேலையைக் குறைத்துவிடும். எந்த டாக்டரிடம் போனாலும் இரண்டையும் சொல்லுங்கள். நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள்.

"வெளியே சொல்லாதே, நாளைக்கு மகளைப் பெண் பார்க்க வருவாங்க" என்பது நம் வீடுகளில் இன்னொரு பாரம். நானும் மறைத்தேன். லிட்டில் இந்தியாவில் ரவிக்கை தைக்கப் போய், திரைக்குப் பின்னால் நின்றுவிட்டு அளவு கொடுக்காமலே திரும்பினேன். அந்தத் துணி இரண்டு தீபாவளி அலமாரியிலேயே கிடந்தது. போன வருடம் தையல்கார அக்காவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் எதுவும் கேட்காமல் ஒரு பக்கம் உள்ளே பஞ்சு வைத்துத் தைத்துக் கொடுத்தார். எவ்வளவு அழகாக உட்கார்ந்தது தெரியுமா!

மனவேதனையை 0 முதல் 10 வரை அளந்து சொல்லும் ஒரு முறை உண்டு. 4 அல்லது அதற்கு மேல் என்றால் மருத்துவக் குழுவினர் நம்மோடு தனியாக உட்கார்ந்து பேச வேண்டிய நிலை என்று பொருள். நான் எப்போதும் 2 என்றே சொல்லிவந்தேன். உண்மையில் 8. தயவுசெய்து உண்மையான எண்ணைச் சொல்லுங்கள். பேச ஆளில்லை என்றால், மலேசிய சுகாதார அமைச்சின் 15555 எண்ணுக்கு அழைத்துப் பேசலாம்.

வீட்டுக்காரர்களும் பயத்தில்தான் இருக்கிறார்கள். போன பரிசோதனைக்கு முந்தின இரவு, தூக்கம் வராமல் அடுப்படியில் பருப்பைத் தட்டில் கொட்டிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். பருப்பில் கல்லே இல்லை. என் கணவர் எழுந்து வந்தார். சிகிச்சைக் காலம் முழுக்க "ஒன்னும் ஆகாது" என்பதைத் தவிர வேறு பேசாதவர். பக்கத்தில் உட்கார்ந்து அவரும் தட்டில் கை வைத்தார். கொஞ்ச நேரம் கழித்து, "எனக்கும் பயமாத்தான் இருக்கும்மா" என்றார்.

விடியும்வரை பேசிக்கொண்டிருந்தோம். அப்புறம் பசியாறிவிட்டு, அட்டையை எடுத்துக்கொண்டு சேர்ந்தே கிளம்பினோம்.

நன்றி, வணக்கம்.