தவறாகக் கணக்கிட வைத்துச் சாவியைப் பறிப்பது

வணக்கம். ஒரு குறியாக்க முறை பலமானதா என்று கேட்டால், சாவி எத்தனை பிட், தரவை எத்தனை சுற்று கலக்குகிறது என்றுதான் உடனே பேச ஆரம்பிப்போம். இன்று பேசப்போவது, அந்தக் கணக்கையெல்லாம் ஒதுக்கிவிட்டு நேராகச் சிப்பின் மேல் கை வைப்பவர்களைப் பற்றி. சர்வர் பூட்டிய அறைக்குள் இருக்கும். உணர்கருவியும் ஸ்மார்ட் பூட்டும் அப்படியா? கழற்றி மேசைக்குக் கொண்டுபோய்விடலாம்.

மேசைக்கு வந்தபின், சரியான கணத்தில் மின்னழுத்தத்தைச் சட்டென்று இறக்கலாம், கடிகாரத் துடிப்பைக் குறுக்கலாம், லேசர் பாய்ச்சலாம். சிப் அப்போது தவறாகக் கணக்கிடும். 2002இல் ஸ்கோரோபோகாடோவ், ஆண்டர்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் சாதாரண கேமரா ஃபிளாஷ் ஒளியை நுண்ணோக்கி வழியே செலுத்தியே சிப்பின் நினைவகத்தில் பிட்டை மாற்றிக் காட்டினார்கள்.

சரி, தவறான விடை கிடைத்து என்ன லாபம்? சின்னக் கருவிகளுக்கென்று 2007இல் வந்த பிரசன்ட் என்ற குறியாக்க முறையையே எடுத்துக்கொள்வோம். 64 பிட் தொகுதி, 31 சுற்று, 80 பிட் சாவி. ஒவ்வொரு சுற்றிலும் நான்கு நான்கு பிட்டாக 16 எஸ்-பாக்ஸ்களுக்குள், அதாவது ஒரு மதிப்பை வேறொன்றாக மாற்றித்தரும் பெட்டிகளுக்குள், போய் வரும். கடைசிச் சுற்றில் ஒரு எஸ்-பாக்ஸுக்குள் நுழையும் மதிப்பு நமக்குத் தெரியாது, 16 வாய்ப்புகள். அதன் கடைசி பிட்டைப் புரட்டிவிட்டு, சரியான வெளியீட்டையும் தவறானதையும் ஒப்பிட்டால், வித்தியாசம் 3, 7, 9, 13 இவற்றில் ஒன்றாகத்தான் இருக்கும். எதுவானாலும் மிஞ்சுவது 4 வாய்ப்புகளே. அதே செய்தியை மறுபடி கொடுத்துப் பக்கத்து பிட்டைப் புரட்டினால், 16இல் 12 நிலைகளில் ஒரே விடைதான் நிற்கும். பெட்டியிலிருந்து வரும் மதிப்போடு சாவியைச் சேர்த்துத்தான் இறுதி விடை வருகிறது என்பதால், இப்படி 16 பெட்டிகளையும் முடித்தால் கடைசிச் சுற்றுச் சாவியின் 64 பிட் கைக்கு வந்துவிடும். பாக்கி 16 பிட்டுக்கு 65,536 முயற்சி. கணினிக்கு அது ஒரு வேலையே இல்லை.

உடனே வரும் யோசனை, இரண்டு முறை கணக்கிட்டு, விடை பொருந்தாவிட்டால் எதையும் வெளியே விடாமல் இருப்பது. நல்ல யோசனைதான், ஆனால் போதாது. 2018இல் வெளியான சிஃபா தாக்குதல் இதைத்தான் உடைத்தது. ஒரு பிட்டைப் பூச்சியமாக்கப் பார்க்கிறோம் என்று வையுங்கள். அது ஏற்கெனவே பூச்சியமாக இருந்தால் எதுவும் மாறாது. சரியான விடை வெளியே வரும். ஒன்றாக இருந்தால் கருவி மௌனம் சாதிக்கும். ஆக, வெளியே வந்த விடைகள் எல்லாம் பிட் பூச்சியமாக இருந்தவை! போதுமான அளவு சேர்த்துக்கொண்டு, சாவியை ஊகித்துப் பின்னோக்கிக் கணக்கிட்டால், சரியான ஊகத்தில் மட்டும் அந்தச் சாய்வு பளிச்சென்று தெரியும். தவறான விடை ஒன்றுகூடத் தேவைப்படவில்லை என்பதுதான் என்னை இன்னும் அசரவைக்கிறது.

2023இல் அமெரிக்காவின் தரநிர்ணய அமைப்பான நிஸ்ட், சின்னக் கருவிகளுக்கென்று தேர்ந்தெடுத்த அஸ்கான் குறியாக்க முறையில், செய்தியோடு சேர்க்கும் நான்ஸ் என்ற எண்ணை ஒவ்வொரு முறையும் மாற்ற வேண்டும் என்பது விதி. அதனால் அனுப்பும் பக்கத்தில் ஒரே கணக்கை இருமுறை செய்யவைப்பது கடினம். ஆனால் பெறும் பக்கத்தில் அதே செய்தியைத் திரும்பத் திரும்பக் கொடுக்கலாமே! அப்புறம், சிஃபாவுக்கு ஒரே செய்தி மறுபடி வரவேண்டிய அவசியமே கிடையாது.

பிரசன்டின் வன்பொருளைச் சுமார் 1,570 கேட்டுகளில் (சிப்பின் அடிப்படைச் சுற்றுகளில்) அடக்கியதைப் பெருமையாகச் சொல்வார்கள். பாதுகாப்பைச் சேர்த்தபின் எத்தனை ஆகிறது என்பதையும் விற்பவரிடம் கேளுங்கள். கூடவே, எல்லாக் கருவிகளிலும் ஒரே சாவியா என்றும் கேளுங்கள். ஆமாம் என்றால், தாக்குபவருக்கு ஒரு கருவி கிடைத்தாலே மற்ற அத்தனையும் அவர் கையில்.