வெங்கு மாமாவுக்குத் தெரிந்த ரகசியம்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, தேயிலைக் கொழுந்து நிறுத்துப் போட்ட கையோடு மண்டபத்துக்கு வந்திருக்கும் அம்மாமாரே, அக்காமாரே, வணக்கம்.

ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்' கதையில் தாய் மறைத்தது மகளைக் காத்ததா, குற்ற உணர்வுக்குள் பூட்டியதா? காத்தது என்கிறோம் நாங்கள்.

கதை 1966இல் ஆனந்த விகடனில் வந்தது. மழையில் பஸ்ஸுக்கு நின்ற கல்லூரிப் பெண் ஒருத்தி, முன்பின் தெரியாத ஒருவனின் காரில் ஏறுகிறாள். அவளுடைய அறியாமையை அவன் தன் ஆசைக்குப் பயன்படுத்திக்கொள்கிறான். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்லி அழுகிறாள். அம்மா முதலில் அலறுகிறாள், அடிக்கிறாள். அப்புறம் மகள் தலையில் தண்ணீர் ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய், யாரிடமும் சொல்லாதே என்கிறாள்.

"சொல்லாதே என்றாலே நீ குற்றவாளி என்றுதானே அர்த்தம்?" என்று எதிரணித் தங்கச்சி கேட்டார். நல்ல கேள்வி, நானும் கை தட்டினேன். ஆனால் அந்த அம்மா வெறுமனே வாயை மூடு என்று சொல்லிவிட்டுப் போகவில்லையே! தெருவில் அசிங்கத்தை மிதித்தால் காலைக் கழுவிவிட்டுப் பூஜை அறைக்குக்கூடப் போகிறோம் என்கிறாள். அகலிகை மனசால் கெடவில்லை என்கிறாள். குற்றம் உன்னுடையது இல்லை என்று இதைவிட எப்படிச் சொல்வது?

அந்த அலறலைக் கேட்டு அக்கம்பக்கத்தார் வந்து நிற்கிறார்களே, அந்த இடத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். அம்மா ஒரு நொடியில் சுதாரித்துக்கொள்கிறாள். மழையில் நனைந்து வந்தாள், அதுதான் திட்டினேன் என்று சமாளித்து அனுப்பிவிடுகிறாள். கதை முழுவதும் அந்த நொடியில்தான் நிற்கிறது என்பேன்.

தோட்டத்து லயத்தில் பிறந்த நமக்கு இதை விளக்க வேண்டுமா? ஒரே கூரை, அதன்கீழ் வரிசையாகக் காம்பரா என்கிற சின்னச் சின்ன அறைகள். இந்தக் காம்பராவில் இருமினால் அடுத்த காம்பராவில் கொத்தமல்லி அவிக்கிறார்கள். அது நல்ல குணம்தான், ஆனால் அழுகையும் அதே சுவரைத் தாண்டிப் போகும். மறுநாள் வேலைக்கு ஆள் கூடும் பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடுவதற்குள் செய்தி மலை முழுக்கப் போய்விடும். கதையில் வரும் அம்மாவுக்குக் கதவுள்ள குளியலறையாவது இருந்தது. நம் பிள்ளையைக் குளிப்பாட்ட, திறந்தவெளியில் தண்ணீர் கொட்டும் பீலிக்கல்லவா கூட்டிப்போக வேண்டும்!

சரி, மறைக்காமல் இருந்திருந்தால்? இதற்கு நான் கற்பனை செய்ய வேண்டியதில்லை, ஜெயகாந்தனே எழுதிவிட்டார். 1972இல் சாகித்திய அகாதமி விருது பெற்ற 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவலில் அதே கதையை வேறு முடிவோடு தொடர்கிறார். அந்தப் பெண்ணுக்கு இங்கே பெயர் கங்கா. அவள் அம்மாவால் சமாளிக்க முடியவில்லை. ஊருக்குத் தெரிந்துவிடுகிறது. அண்ணன் வீட்டைவிட்டுத் துரத்துகிறான். காரில் வந்த பிரபுவுக்கு என்ன ஆனது? ஒன்றும் ஆகவில்லை. வசதியாக வாழ்கிறான். வருடங்கள் கழித்து கங்காதான் அவனைத் தேடிப் போகிறாள். ஊரறிந்தும் அவன்மேல் ஒரு தூசு விழவில்லை, எல்லாம் இவள் தலையில்.

அதைவிடக் கொடுமை வெங்கு மாமா. அடைக்கலம் கொடுத்துப் படிக்க வைத்த பெரிய மனிதர். கங்காவுக்கு நடந்தது தெரியும் என்ற ஒரே தைரியத்தில் அவளிடம் கையை நீட்டுகிறார். பிறர் கைக்குப் போன ரகசியம் இப்படித்தான் கடிவாளமாகிறது. கொழும்புக்கு வீட்டு வேலைக்குப் போய்த் திரும்பும் பிள்ளைகளைப் பற்றி நாம் சும்மா வாய்க்கு வந்ததைப் பேசுகிறோமே, அப்போது எத்தனை வெங்கு மாமாக்களுக்கு வழி திறந்து விடுகிறோம்?

பொலிஸுக்குப் போக வேண்டாமா என்று அடுத்து கேட்பார்கள். போகட்டும், கட்டாயம் போகட்டும்! முறைப்பாடு செய்வது வேறு, லயத்துக்கே கேட்கும்படி கத்துவது வேறு. பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது நம் இலங்கைத் தண்டனைச் சட்டக் கோவையிலேயே குற்றம். வழக்கு நடக்கும்போதே பெயரை மறைக்கலாம் என்று சட்டம் ஒத்துக்கொள்கிறது. அதையே ஒரு தாய் செய்தால் மட்டும் குற்ற உணர்வை வளர்க்கிறாள் என்பீர்களா?

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். அடுத்துப் பேச வரும் எதிரணி அண்ணன் அந்தத் தாயைக் குறை சொல்லட்டும், பரவாயில்லை. ஆனால் முதலில் வெங்கு மாமாவுக்கு ஒரு பதில் சொல்லிவிட்டு ஆரம்பிக்கட்டும்.